நச்சு குறைந்த வீடு: எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு, கையில் அளவான பணம். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் படித்தால் வாணலி, டப்பா, சோப்பு, திரைச்சீலை என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் போலிருக்கிறது. எதை முதலில் மாற்றுவது, உடலுக்கு நல்லதும் பூமிக்கு நல்லதும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது: எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்குக் கவலைப்பட வேண்டாம்? இது தெளிவாகாமல் பொருள்களை மாற்றத் தொடங்கினால் பணம் கரையும், பயம் கரையாது.

நான் வேதியியல் படித்தவன். கட்டடங்களுக்குள் இருக்கும் காற்றையும் தூசியையும் அளந்து, அங்கே வாழ்பவர்களின் உடலுக்குள் எது எவ்வளவு போகிறது என்று கணிப்பது என் தொழில். மருத்துவன் அல்ல. ஆகவே ஒரு குழந்தையின் இருமலுக்கோ தோல் தடிப்புக்கோ இன்னதுதான் காரணம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. எந்த வழியாக நச்சு வீட்டுக்குள் வருகிறது, எந்த வழியை எளிதாக அடைக்கலாம் என்பதை மட்டும் ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

ஒரு பொருளில் நச்சு இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் வழி தவறிவிடுவோம். அது உங்கள் பிள்ளையின் உடலுக்குள் போகிறதா, எவ்வளவு போகிறது, எத்தனை நாள் தொடர்ந்து போகிறது என்று கேட்க வேண்டும். அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே பாராசெல்சஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். நச்சியல் இன்றும் பெரும்பாலும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. குழந்தைகள் விஷயத்தில் கணக்கு சற்று மாறும். தங்கள் எடைக்கு அவர்கள் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள், அதிகத் தண்ணீர் குடிக்கிறார்கள், தரையில் தவழ்கிறார்கள், கையை நாள் முழுவதும் வாயில் வைக்கிறார்கள். அதனால் நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரியில் என்னென்ன புட்டிகள் இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. என்ன எரிகிறது, தூசி எங்கே படிகிறது, சுவரில் பெயின்ட் உரிகிறதா, தண்ணீர் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்றுதான் பார்ப்பேன்.

ஈயத்திலிருந்து தொடங்குகிறேன். இதில் ஐயத்துக்கே இடமில்லை. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. வாகனப் பெட்ரோலில் ஈயம் கலப்பது 2021இல் உலகம் முழுவதும் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் அது இன்னும் பல வழிகளில் வருகிறது: உரியும் பழைய பெயின்ட், சரியாகச் சுடப்படாத மெருகு பூசிய மண்பாண்டங்கள், கழிவு உலோகத்தை உருக்கி வார்த்த மலிவுப் பாத்திரங்கள், மலிவான உலோக நகைகளும் பொம்மைகளும், பழைய ஈயக் குழாய்கள், குழாய் இணைப்புகளின் பற்றவைப்பு. பேட்டரி, வெல்டிங், பெயின்ட் சுரண்டும் வேலை செய்பவர்களின் உடையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டும் வருகிறது. இந்தக் கடைசி வழியைப் பட்டியல்கள் குறிப்பிடுவதே இல்லை. வேலை உடையை வாசலுக்கு வெளியே கழற்றித் தனியாகத் துவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அந்தக் குடும்பத்தின் குழந்தைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பும் இல்லை.

பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொடாமல் மேலே புதுப் பூச்சு அடிப்பதே நல்லது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், சூடுகாட்டி உரிப்பதும் வீடு முழுவதும் ஈயத்தூசியைப் பரப்பிவிடும். புதுக் குழந்தையை வரவேற்க அறையை அழகுபடுத்தும் ஆசையில் நடக்கும் வேலைகளில் இதுதான் மோசமானது. சந்தேகம் இருந்தால் பிள்ளையின் ரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான் அது. உணவில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அவை குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

அடுத்தது காற்று. விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் வரும் புகை 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாம் அஞ்சிக்கொண்டிருக்கும் ஷாம்பு ரசாயனங்கள் எதுவும் இந்த எண்ணுக்கு அருகில்கூட வராது. ஆகவே வீட்டுக்குள் என்னவெல்லாம் எரிகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அடுப்பு, சிகரெட், கொசுவர்த்திச் சுருள், வாசனை மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எல்லாம் அதில் சேரும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அதைப் படித்துவிட்டுக் கொசுவைக் கடிக்க விட்டுவிடாதீர்கள். கொசு பரப்பும் நோய்கள் அதைவிட உடனடியான ஆபத்து. வலை, ஜன்னல் கம்பிவலை, தேங்கிய நீரை அகற்றுவது ஆகிய மூன்றையும் செய்துவிட்டுச் சுருளைக் கைவிடுங்கள். வீட்டுக்குள் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. அது நடக்காதவரை மற்ற மாற்றங்களுக்குப் பலன் குறைவு.

எரிவாயு அடுப்பு விறகைவிடப் பல மடங்கு மேலானது. இருந்தாலும் அது நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளாது. இதற்காக அடுப்பை மாற்ற வேண்டியதில்லை. சமைக்கத் தொடங்கும்போதே எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள், முடிந்த பிறகும் சிறிது நேரம் ஓட விடுங்கள். விசிறி இல்லையென்றால் எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தாலும் பெரும் பகுதி வெளியேறிவிடும். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று அவ்வளவாக ஓடாது. சாலையோர வீடாக இருந்தால் வாகன நெரிசல் குறைந்த நேரத்தில் திறப்பது நல்லது. ஈரம் கசியும் சுவரையும் கவனியுங்கள். பூஞ்சை ஆஸ்துமாவை மோசமாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். பூஞ்சையைத் துடைப்பதோடு நிறுத்தாமல் கசிவை அடைக்க வேண்டும். இல்லையென்றால் அது திரும்பவும் வரும்.

காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த நம்பிக்கையின் வேர் 1989இல் நாசா நடத்திய ஓர் ஆய்வு. மூடி அடைத்த சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து அதைச் செய்தார்கள். வீடு மூடிய பெட்டி அல்லவே. அதுவரை வெளியான ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தவர்கள், இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். செடி வளருங்கள், கண்ணுக்கும் மனத்துக்கும் நல்லது. ஜன்னலைத் திறக்கும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள். வெளிக்காற்று மோசமான ஊராக இருந்து, கையில் பணமும் இருந்தால், ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உண்மையாகவே நுண்துகளைக் குறைக்கும். ஓசோன் வெளியிடும் கருவிகளை வாங்க வேண்டாம். ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சலூட்டும் வாயு.

பலர் நினைத்தே பார்க்காதது தூசி. நாற்காலிப் பஞ்சிலும் மின்சாதனங்களிலும் இருக்கும் தீத்தடுப்பு ரசாயனங்கள், மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் தாலேட்டுகள், பழைய பெயின்ட்டின் ஈயம், தெருவிலிருந்து செருப்போடு வரும் பூச்சிமருந்து எல்லாம் கடைசியில் தரைத்தூசியில் வந்து படிகின்றன. தவழும் குழந்தை அதைக் கையில் எடுத்து வாயில் வைக்கிறது. பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட இந்த இடத்தில் குறுக்கே நிற்பது எளிது. செருப்பை வாசலோடு நிறுத்துங்கள். உலர்ந்த துடைப்பத்தால் மட்டும் பெருக்கினால் நுண்தூசி எழுந்து திரும்பவும் படியும், ஈரத்துணியால் துடையுங்கள். ஜன்னல் விளிம்பு, கட்டிலுக்கு அடிப்பகுதி, மின்விசிறி இறக்கை ஆகியவற்றையும் ஈரத்துணியாலேயே துடையுங்கள். சாப்பிடும் முன் சாதாரண சோப்பால் பிள்ளையின் கையைக் கழுவுங்கள். ஒரே ஒரு பழக்கத்தைத்தான் என்னால் பின்பற்ற முடியும் என்று யாராவது சொன்னால் நான் கைகாட்டுவது இந்தக் கை கழுவலைத்தான். கிருமிக்காக நமக்குச் சொல்லித்தந்த அதே பழக்கம் ஈயத்தையும் தீத்தடுப்பு ரசாயனங்களையும் சேர்த்தே குறைக்கிறது.

அதற்குக் கிருமிநாசினி சோப்பு தேவையா என்றால் தேவையில்லை. ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்கள் கலந்த சோப்புகளை வீட்டு உபயோகத்துக்கு விற்க அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் தடை விதித்தது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக எதையும் செய்வதாகத் தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் காரணம். வீட்டைச் சுத்தம் செய்யவும் இதே நியாயம் பொருந்தும். தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று புட்டிகள் பெருகுவது தேவையால் அல்ல. வாசனை சேர்க்காத ஒரு திரவ சோப்பு, கறைக்குச் சமையல் சோடா, உப்புப் படிவுக்கு வினிகர், நோயாளி இருக்கும்போது மட்டும் நீர்த்த ப்ளீச் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து நுரையைக் கண்டு மகிழ்பவர்கள் உண்டு; கலந்ததும் அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும், மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

ப்ளீச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடோ வினிகரோடோ சேர்ந்தால் அது குளோரின் வாயுவை விடும். அம்மோனியா கலந்த திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் வரும். இரண்டும் நுரையீரலை எரிப்பவை. மூடிய குளியலறையில் இரண்டு புட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. இன்னொன்று, தெளிப்பான்கள். திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைத்தால் காற்றில் கலப்பது குறைவு. தெளித்தால் நேராக மூச்சில் ஏறும். ஐரோப்பாவில் 6000க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டிலோ வேலையிலோ வழக்கமாகத் துப்புரவு செய்த பெண்களின் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருப்பதைக் கண்டது. காரணம் திரவங்கள்தான் என்று அந்த ஆய்வால் மட்டும் அறுதியிட முடியாது. இருந்தாலும் தெளிப்பானை விட்டுத் துணிக்கு மாற எனக்கு அது போதுமான காரணம். வீட்டில் இந்த வேலையைச் செய்பவரின் உடல்நலத்தையும் குடும்ப நலக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆழ்ந்த எண்ணம். நஞ்சில்லா வீடு என்ற பேச்சில் அவரைத்தான் மறந்துவிடுகிறோம்.

இயற்கை என்று எழுதியிருந்தால் நம்பலாமா? பல நாடுகளில் அந்தச் சொல்லைப் பொருளின் மேல் அச்சிடுவதற்குக் கறாரான சட்ட வரையறை ஏதும் கிடையாது. எலுமிச்சை வாசனை தரும் லிமோனின் இயற்கைப் பொருள்தான். அது காற்றில் உள்ள ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவைத் தருகிறது. தேயிலைமர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. வாசனையே இல்லாததைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் ஆலோசனை. பொருளின் உட்கூறுகளில் ‘வாசனை’ என்று ஒரே சொல்லாகப் போட்டிருந்தால் அதற்குள் பல வேதிப்பொருள்கள் இருக்கலாம், தயாரிப்பாளர் அவற்றைத் தனித்தனியாகச் சொல்வதில்லை.

சமையலறைப் பிளாஸ்டிக்குக்கு வருவோம். இதில் உறுதியும் ஐயமும் கலந்தே கிடக்கின்றன. பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள்கள் உணவுக்குள் இறங்குவதைச் சூடும் எண்ணெயும் புளிப்பும் அதிகப்படுத்துகின்றன, இது உறுதி. பாலிப்ரொப்பிலீன் பால்புட்டிகளில் சுடுநீர் ஊற்றித் தயாரிக்கும்போது ஒரு லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளியாவதாக டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் அளந்தார்கள். அத்துகள்கள் உடலுக்குள் போய் என்ன செய்கின்றன என்பதுதான் இன்னும் தெளிவில்லாத பகுதி. கழுத்து ரத்தக்குழாய்ப் படிவில் நுண்பிளாஸ்டிக் இருந்த நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 2024இல் ஓர் ஆய்வு வந்தது. அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. நிபுணர்களுக்குள்ளேயே எவ்வளவு பிளவு இருக்கிறது என்பதற்கு, சில வகைப் பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிபிஏ (பிஸ்பினால் ஏ) என்ற வேதிப்பொருள் நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதன் அனுமதிக்கத்தக்க அளவை 20,000 மடங்கு குறைத்தது. அதே ஐரோப்பாவின் மருந்து முகமையும் ஜெர்மனியின் இடர்மதிப்பீட்டு நிறுவனமும் அந்தக் கணக்கு முறையை ஏற்கவில்லை. பிபிஏ இல்லை என்று விற்கும் சில பொருள்களில் அதன் நெருங்கிய உறவான பிபிஎஸ் இருக்கிறது.

இப்படி அறிஞர்களே ஒத்துப்போகாத இடத்தில் ஒரு குடும்பம் என்ன செய்வது? செலவும் சிரமமும் இல்லாத எச்சரிக்கையை மேற்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சூடான எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக்கோடு மைக்ரோவேவில் வைக்காதீர்கள். கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான் எது வீட்டில் இருக்கிறதோ அது போதும். பருப்பு, மாவு போன்ற உலர் பொருள்களைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கி எறிய வேண்டிய அவசியமே இல்லை. கீறலும் வெடிப்பும் விழுந்தவற்றை மட்டும் சமையலறையிலிருந்து எடுத்து ஆணி, நூல் போட்டு வையுங்கள்.

கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டியிலிருந்து தீத்தடுப்பு ரசாயனம் ஆபத்தான அளவில் உடலுக்குள் போகிறது என்ற செய்தியையும் இணைத்திருந்தீர்கள். பழைய மின்சாதனப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வதால் அத்தகைய பொருள்கள் சிலவற்றில் தீத்தடுப்பு ரசாயனம் இருப்பது உண்மை. ஆனால் 2024இல் பெரிதாகப் பேசப்பட்ட அந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு பெருக்கல் பிழை இருந்தது. அந்த ரசாயனத்துக்கு, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கான பாதுகாப்பு எல்லை நாளொன்றுக்கு 4,20,000 நானோகிராம் என்று வர வேண்டிய இடத்தில் 42,000 என்று அச்சாகிவிட்டது. அதனால் எல்லையை நெருங்கிவிட்டதுபோல் தோன்றிய அளவு உண்மையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது. கட்டுரையைப் பின்னர் திருத்தினார்கள். செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் பகிர்ந்தார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை கரண்டி வாங்கும்போது மரமோ எவர்சில்வரோ வாங்குங்கள், அவ்வளவே.

நான்ஸ்டிக் வாணலியை உடனே வீச வேண்டாம். அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருக்கும். வெறும் வாணலியைப் பெருந்தீயில் விட்டுவிட்டால் சில நிமிடங்களிலேயே அதைத் தாண்டிவிடும். மிகுந்த சூட்டில் எழும் புகை மனிதருக்குக் காய்ச்சல் போன்ற உபாதையைத் தரும், கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். இதன் தயாரிப்பில் ஒரு காலத்தில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் சேர்த்தது. எளிதில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2019இலேயே அதை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்துவிட்டது. அதைத் தயாரித்த, பயன்படுத்திய தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள மண்ணும் நீரும்தான் இதில் பெரிதும் கெட்டன. ஆகவே இப்போது இருப்பதை மிதமான தீயில் பயன்படுத்தி, பூச்சு உரிந்ததும் வார்ப்பிரும்புக்கோ எவர்சில்வருக்கோ மாறுங்கள். அலுமினியப் பாத்திரத்தால் மறதிநோய் வரும் என்ற பேச்சுக்குப் போதிய சான்று இல்லை. புளிப்பான உணவை அதில் நெடுநேரம் வைக்காமலிருந்தால் போதும்.

தண்ணீரில் சோதனை முதலில், வடிகட்டி பிறகு. எதை நீக்க வேண்டும் என்று தெரியாமல் வாங்கும் கருவி பாதி வீண். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் ஆர்சனிக்கும் ஃப்ளோரைடும் போகாது, நீர் ஆவியாவதால் அடர்த்தி கூடவே செய்யும். ஆர்ஓ கருவி இவற்றை நீக்கும், ஆனால் கணிசமான நீரைக் கழிவாக வெளியேற்றும். நல்ல நீர் வரும் வீட்டில் அது தேவையற்ற விரயம். பழைய குழாய் உள்ள வீட்டில் காலையில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கோ துடைக்கவோ பிடித்துவிட்டுப் பிறகு சமையலுக்குப் பிடியுங்கள். பயத்தால் புட்டித் தண்ணீருக்கு மாறுவதில் பொருளில்லை. 2024இல் வந்த ஓர் ஆய்வு அத்தகைய தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்களை எண்ணியது. காய், பழங்களை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தால் ஆப்பிள் தோலின் மேலிருந்த இரண்டு பூச்சிமருந்துகளில் பெரும்பகுதி நீங்கியதாக 2017இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் கண்டது. தோலுக்குள் ஊடுருவியதை எதனாலும் கழுவ முடியாது. இயற்கை விளைபொருள் வாங்க வசதி இல்லையென்றால் வருந்த வேண்டாம். சாதாரணக் காய்கறியை நிறையச் சாப்பிடுவதால் வரும் நன்மை அதிலுள்ள மருந்து எச்சத்தின் தீமையைவிட மிகப் பெரியது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உடலுக்கு நல்லதும் பூமிக்கு நல்லதும் பல இடங்களில் கைகோத்து நடக்கும், சில இடங்களில் பிரியும். குறைவாக எரிப்பது, குறைவாக வாங்குவது, வாசனைப் பொருள்களைத் தவிர்ப்பது எல்லாம் இரண்டுக்கும் நல்லவை. ஆனால் நன்றாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எறிந்துவிட்டுக் கண்ணாடி வாங்கினால் பூமிக்கு அது நட்டமே. பருத்திப் பை விஷயத்தில் 2011இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை போட்ட கணக்கு பலரை அதிர வைத்தது. ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அது மேலாகும். அந்தக் கணக்கில் கடலில் சேரும் குப்பை சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருக்கும் பையையே கிழியும்வரை எடுத்துப் போவதுதான் சரி. கடைக்குக் கடை இலவசமாக வாங்கும் துணிப்பைகள் கொடியில் தொங்குவதால் பயனில்லை.

வீட்டுச் சூழலியலில் நான் முதலிடம் தருவது உணவு வீணாவதைத் தடுப்பதற்கு. 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 விழுக்காடு வீடுகளில் என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. குப்பைமேட்டில் அழுகும் உணவு மீத்தேனை விடுகிறது. அளந்து சமைப்பதும், மிஞ்சியதை மறுநாள் முதலில் எடுத்துச் சாப்பிடுவதும், தோலையும் காம்பையும் மக்க வைப்பதும் பணத்தையும் மிச்சப்படுத்தும். துணியில் பழையது பல வகையில் புதியதைவிட நல்லது; பலமுறை துவைத்த குழந்தை உடையில் தொழிற்சாலையில் ஏற்றிய பூச்சுகள் பெரும்பாலும் போயிருக்கும். செயற்கை இழைத் துணிகளை அடிக்கடி துவைப்பதைக் குறைக்கலாம். 6 கிலோ அக்ரிலிக் துணி ஒருமுறை துவைக்கும்போது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகளை விடக்கூடும் என்று 2016இல் பிளிமத் பல்கலைக்கழகம் அளந்தது. குளிர்ந்த நீர், நிறைந்த இயந்திரம், கொடியில் உலர்த்தல் போதும்.

பழையது நல்லது என்பதற்கு விலக்கும் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வண்ணம் பூசிய தொட்டிலிலும் பொம்மையிலும் ஈயம் இருக்கலாம். அவற்றைப் பிள்ளை வாயில் வைக்கக்கூடாது. பொடிந்து உதிரும் பழைய பஞ்சு மெத்தையையும் சோபாவையும் அப்படியே வைத்திருக்க வேண்டாம். புதிய மெத்தையோ ஒட்டுப்பலகை அலமாரியோ வாங்கினால், முதல் சில நாள்கள் ஜன்னல் திறந்த, யாரும் தூங்காத அறையில் வையுங்கள். பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு தொடக்கத்தில்தான் அதிகம். மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் உள்ளே காற்று தேங்கும். அடைத்தால் காற்றோட்டத்துக்குத் தனி வழி வேண்டும். எரிக்கும் எதுவும் இருக்கும் அறையில் அது கட்டாயம், ஏனென்றால் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிறு குழந்தையை ஒரே நாளில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நஞ்சு பெரும்பாலும் இதுதான். ஆசிட், ப்ளீச், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதையும் குளிர்பான புட்டிக்கு மாற்றி வைக்காதீர்கள். அவற்றோடு மாத்திரைகளையும் பூட்டும் அலமாரியில், உயரத்தில் வையுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியின் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய 2 மணி நேரத்துக்குள் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பிள்ளை எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் போன்ற அரிக்கும் பொருள் மேலேறும்போது மறுபடி சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பிள்ளை குடித்த புட்டியை மூடி, கூடவே எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.